கிணற்றுக்குப் பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி

பத்திர ஆபீஸுக்கு வருகிறவர்களில் வயதானவர்களை மாரிக்கனி ‘அய்யா’ என்பாள். மற்ற ஆண்கள் எல்லோரும் அவளுக்கு ‘சார்’தான். அவளுடைய அப்பா வீரணன் வாழ்நாள் முழுக்கச் சொன்ன ‘மொதலாளி’ என்ற சொல் மட்டும் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. வீரசோழன் போகும் ரோட்டில் உள்ள அவர்கள் ஊரில், வீரணன் இருளப்பசாமியின் காட்டில் உழுதார், வரப்பு வெட்டினார், மிளகாய் மூட்டை சுமந்தார். மகள் அந்தக் காட்டில் கால் வைக்கக் கூடாது என்பதில் மட்டும் அவருக்குப் பிடிவாதம். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அருப்புக்கோட்டையில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டார்.

அங்கே முதல் நாள் பாடமே அரைப்புள்ளிதான்; மேலே ஒரு புள்ளி, கீழே கமா மாதிரி ஒரு வால். இடது கைக்கு ஏ, எஸ், டி, எஃப். வலது கைக்கு அரைப்புள்ளி, எல், கே, ஜே. மற்ற விரல்களெல்லாம் ஓடியாடும்போது சுண்டுவிரலுக்குத்தான் வலி உயிர் போகும். ஒரு மாதம் அந்த வலியோடு தட்டிப் பழகிய சாவியை, பிறகு வந்த எந்தக் கடிதத்திலும் எந்த விண்ணப்பத்திலும் யாரும் பயன்படுத்தவில்லை. யாருக்கும் வேண்டாத ஒன்றை ஏன் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

புரிந்தது திருச்சுழியில் சங்கையாவிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு. சங்கையா லைசென்ஸ் வாங்கிய பத்திர எழுத்தர். பத்திர ஆபீஸுக்கு எதிரே தகரக் கூரை போட்ட கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாசலில் வாடிக்கைக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு. பத்திரம் தவிர கலெக்டருக்கு மனு எழுதும் வேலையும் வரும். ஒரு நாள் ஒரு பெண் மனு எழுத வந்தாள். புருஷன் செத்து நான்கு வருஷம், பென்ஷன் வரவில்லை, ரேஷன் கார்டில் செத்தவன் பேரை இன்னும் எடுக்கவில்லை, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அவள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றுக்கும் முற்றுப்புள்ளி வைத்தால் துண்டு துண்டாக விழுந்தது. கமா போட்டால் எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மாரிக்கனியின் சுண்டுவிரல் தானாகப் போய் அந்தச் சாவியைத் தட்டியது. அடித்து முடித்து வாசித்தபோது அந்தப் பெண், “ஆமா, இப்படித்தான்” என்றாள்.

அன்றிலிருந்து மாரிக்கனி அதை வைத்தாள், சங்கையா கோடு போட்டு அடித்தார். டிராஃப்டைச் சிவப்புப் பேனாவோடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவர் முதலில் தேடுவது அதைத்தான்.

“ஏம்மா, மறுபடியும் குத்தும் வாலுமா?”

“எது எதோட சேருதுன்னு தெரியணும்ல சார்.”

“பத்திரங்கிறது சொல்லுல நிக்கணும். குத்துல நிக்கக் கூடாது. எங்கய்யா எழுதுன காலத்துல கமாவே கெடையாது. ஒரு பக்கம் பூரா ஒரே வரி. ஒரு பத்திரமாச்சும் கோர்ட்டுல தோத்துச்சா?”

“வாசிச்சவுகளுக்குப் புரிஞ்சுச்சா சார்?”

“அவுகளுக்குப் புரிய என்னத்துக்கு? ஆபீஸருக்குப் புரிஞ்சாப் போதும்.”

பன்னிரண்டு வருஷமாக இதே சண்டை. அதில் கசப்பு ஒன்றும் இல்லை. அவர் அடித்த இடத்தில் எல்லாம் கமா போட்டு அவள் பிரிண்ட் எடுப்பாள். மனுக்களில் மட்டும் அவர் கண்ணில் படாமல் இரண்டு மூன்று தப்பிப் போகும்.

போன வருஷம் மாசி மாதம் இருளப்பசாமி குடும்பத்தோடு அந்தக் கடைப் படி ஏறினார். எழுபத்தெட்டு வயது. தன் காலத்திலேயே நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று வந்திருந்தார். மகன் மருதுபாண்டி ஊரில் விவசாயம். இரண்டு ட்ராக்டர் வைத்திருந்தான். மகள் தங்கலட்சுமியை மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்து, புருஷன் தவறிய பிறகு அவள் அப்பா வீட்டுக்கே வந்து ஆறு வருஷமாகக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேற்குப் பாதி அவளுக்கு. கிணறும் பம்பு அறையும் இருக்கும் கிழக்குப் பாதி மகனுக்கு.

“பம்பு ரூம் அவனுக்கு. அவந்தான் கட்டுனான்,” என்று பெரியவர் சொன்னார். “கெணறு நான் வெட்டுனது. அது ரெண்டு பேருக்கும் பொது. பாதையும் பொது. நல்லா எழுதிக்கங்க.”

மருதுபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாரிக்கனி டைப் அடித்தாள்:

‘மருதுபாண்டிக்குக் கிழக்குப் பாதி, பம்பு அறை; கிணறு, வண்டிப்பாதை இருவருக்கும் பொது.’

சங்கையா வழக்கம்போலச் சிவப்புப் பேனாவால் அந்த அரைப்புள்ளியை அடித்துக் கமாவாக்கினார். மாரிக்கனி வழக்கம்போல முணுமுணுத்தாள். வீட்டில் படித்துப் பார்க்க வேண்டும் என்று மருதுபாண்டி டிராஃப்டை வாங்கிக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து, “எல்லாம் சரியா இருக்கு, நாளைக்கே பதிஞ்சுருவோம்” என்று திருப்பிக் கொடுத்தான்.

அன்று பிற்பகல் இறுதிப் பிரிண்டுக்காக டிராஃப்டை ஸ்டாண்டில் செருகி அடித்துக்கொண்டு வந்த மாரிக்கனியின் கை மூன்றாம் பக்கத்தில் நின்றது. சங்கையாவின் சிவப்புக் கமாக்களுக்கு நடுவே நீல பால்பாயிண்டில் ஒரு அரைப்புள்ளி. கிணறு என்ற சொல்லுக்கு முன்னால் அல்ல, பின்னால்.

‘மருதுபாண்டிக்குக் கிழக்குப் பாதி, பம்பு அறை, கிணறு; வண்டிப்பாதை இருவருக்கும் பொது.’

இரண்டு முறை படித்தாள். சொல் ஒன்று கூட மாறவில்லை. கிணறு மட்டும் கை மாறியிருந்தது. யாரோ விஷயம் தெரிந்தவர் சொல்லிக்கொடுக்காமல் இது நடந்திருக்காது.

“சார், இங்க பாருங்க.”

சங்கையா வேறு ஒரு பத்திரத்துக்கு நான்கு எல்லை பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு பார்வை பார்த்தார்.

“அவுக போட்டுருக்காக. போட்டா போட்டுட்டுப் போறாக. பார்ட்டி கேட்டபடி அடி.”

“கிணறு அவருக்குன்னு ஆகுது சார்.”

“ஒனக்கு அந்தக் குத்துப் பைத்தியம் தெளியாதும்மா. ‘இருவருக்கும் பொது’ன்னு கடைசியில இருக்குல்ல? எல்லாத்துக்கும் சேத்துத்தான் அது. ஒரு குத்துல என்ன இருக்கு?”

“கிணறு இருக்கு சார்.”

அவர் சிரித்துவிட்டு டீக்கடைக்கு எழுந்து போனார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் மாரிக்கனிக்குப் பயமாக இருந்தது. உண்மையிலேயே அவர் கண்ணுக்கு அது வெறும் மசிப்பொட்டு.

அவர் போன கொஞ்ச நேரத்தில் மருதுபாண்டி பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். உட்காரவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான்.

“முடிஞ்சுருச்சா?”

“மூணாம் பக்கம் ஓடுது சார்.”

“டிராஃப்டுல இருக்கற மாதிரியே அடி. ஒண்ணும் விட்டுறாத.”

“இந்தக் குறி நீங்க வச்சதா சார்?”

அவன் பிரிண்டர் மேல் கிடந்த காகிதக் கட்டை ஒரு விரலால் நேராக்கினான். “ராஜபாண்டி என் வண்டியிலதான ஓடுறான்?” என்றான். “நல்ல பய. சொன்ன வேலையச் செய்வான். கூடக் கொறையப் பேச மாட்டான்.”

ராஜபாண்டி அவள் தம்பி. ஏழு வருஷமாக மருதுபாண்டியின் ட்ராக்டரில் டிரைவர்.

மாரிக்கனி அடித்தாள். நீல மையில் இருந்தது இருந்தபடியே, கிணறு என்று அடித்து, அரைப்புள்ளியும் அடித்தாள். அவன் குனிந்து பார்த்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் வீட்டில் அடுப்பு வேலையாக இருக்கும்போது தம்பியின் போன் வந்தது. “யக்கா, ஏதோ பத்திரத்துல நீ வம்பு பண்ணுறியாம்ல? மொதலாளி ஒரு மாதிரியாப் பேசுறாரு. எனக்கு என்ன ஏதுன்னு தெரியாது. ஒன் வேலையப் பாத்துட்டுப் போக்கா.”

அவள் புருஷன் அருஞ்சுனை விசைத்தறிக்குப் போகிறவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “எழுதுனவுகளே ஒண்ணுமில்லங்கிறாக. கையெழுத்துப் போடுறவுக படிச்சுப் பாக்கட்டும். நீ யாரு நடுவுல?” என்றான். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. ஆனால் சோற்றை வடிக்கும்போது கஞ்சித் தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு டோக்கன். பத்தரைக்கெல்லாம் மூன்று பேரும் கடைக்கு வந்துவிட்டார்கள். சங்கையா பெஞ்சில் உட்கார்ந்து பத்திரத்தை உரக்க வாசித்தார். மூன்றாம் பக்கம் வந்ததும் மாரிக்கனி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவர் எப்போதும் போல மூச்சு முட்டும் இடத்தில் நிறுத்தினார். புள்ளியைப் பார்த்து நிறுத்துகிற வழக்கமே அவருக்கு இல்லை. “…பம்பு அறை, கிணறு வண்டிப்பாதை இருவருக்கும் பொது” என்று அவர் குரலில் அது பெரியவர் சொன்னபடியே ஒலித்தது. இருளப்பசாமி தலையை ஆட்டினார். காதில் விழுந்தது வேறு, காகிதத்தில் இருந்தது வேறு.

தங்கலட்சுமி மேசைப் பக்கம் வந்தாள். படிப்பு எட்டாவதோடு நின்றது. “ஏ மாரி, கெணறு பொதுன்னு இருக்குல்ல? மல்லியும் மொளகாயும் அத நம்பித்தான் போட்டுருக்கேன்.”

வாசலில் மருதுபாண்டி திரும்பிப் பார்த்தான்.

“அதான் சார் வாசிச்சாருல்லக்கா,” என்றாள் மாரிக்கனி.

தங்கலட்சுமி நம்பி ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள். அவள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போடுவதை மாரிக்கனியால் பார்க்க முடியவில்லை. அவர்கள் எழுந்து ரோட்டைக் கடந்து ஆபீஸுக்குள் போனார்கள். சங்கையாவும் கூடப் போனார்.

கடையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மணி பதினொன்றாக எட்டு நிமிஷம். ‘வாசிச்சாருல்லக்கா’ என்ற தன் குரலே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. தான் பொய் சொல்லவில்லை என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அது எடுபடவில்லை. பன்னிரண்டு வருஷம் அந்தக் குறிக்கு அர்த்தம் உண்டு என்று சண்டை போட்டவள் அவள். இன்றைக்கு அதற்கு அர்த்தம் இல்லை என்று இருந்துகொண்டால் வேலை மிச்சம், தம்பிக்கும் தொந்தரவில்லை. அப்படி இருக்கத்தான் முடியவில்லை.

ஃபைலைத் திறந்தாள். அரைப்புள்ளியைப் பழைய இடத்தில், கிணற்றுக்கு முன்னால் வைத்தாள். பார்த்தாள். அதுவே சரியான தமிழ். ஆனால் ஒரு பால்பாயிண்ட் பேனாவால் தள்ளி வைக்க முடிகிற ஒன்றை நம்பித் தங்கலட்சுமியின் வெள்ளாமையை விட முடியுமா? அழித்தாள். வரியை உடைத்து மூன்றாக எழுதினாள். மூன்றாம் பக்கத்தை மட்டும் பிரிண்ட் போட்டாள். மையின் சூடு ஆறுவதற்குள் அதை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். எதிரே வந்த பஸ்ஸின் ஹாரன் கூட அவளுக்குப் பிந்தித்தான் கேட்டது.

உள்ளே அவர்களுடைய டோக்கன் எண் கூப்பிட்டாகிவிட்டது. இருளப்பசாமி ரேகை வைக்க வலது பெருவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அய்யா, ரேகை வைக்காதீங்க,” என்றாள் மாரிக்கனி. நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “என்னம்மா?”

“ஒரு பக்கம் மாத்தணும் சார். பெரியவர் சொன்னபடி இல்ல.”

“பேசி முடிச்சுட்டு வாங்க. அடுத்த டோக்கன்.”

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து சேர்வதற்குள் மருதுபாண்டியின் முகம் கறுத்திருந்தது. “ஏ மாரிக்கனி, டைப் அடிக்கிறதோட ஒன் வேலை முடிஞ்சது. குடும்பத்துக்குள்ள ஒனக்கு என்ன பேச்சு?”

“அடிச்சது நான்தான் சார். அதான் சொல்றேன்.”

“இரு,” என்று பெரியவர் மகனைக் கையமர்த்தினார். “ஏத்தா, வீரணன் மகதான நீ? என்ன சேதி, சொல்லு.”

கையெழுத்தான பக்கத்தை அவள் சங்கையாவிடமிருந்து வாங்கினாள். குறி இருக்கிற இடத்தில் நிறுத்தி வாசித்தாள். “மருதுபாண்டிக்குக் கிழக்குப் பாதி, பம்பு அறை, கிணறு.” நிறுத்தினாள். ஒரு லாரி கடந்து போகும்வரை நிறுத்தினாள். “வண்டிப்பாதை இருவருக்கும் பொது.”

தங்கலட்சுமிக்கு உடனே புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

சங்கையா குறுக்கே வந்தார். “அய்யா, அது ஒண்ணுமில்ல. ஒரு குத்தும் ஒரு வாலும். அத வச்சு எந்தப் பத்திரமும் நின்னதுமில்ல, விழுந்ததுமில்ல. இந்தப் புள்ளைக்கு அதுல ஒரு கிறுக்கு.”

“யாரு வச்சா அத?” என்று பெரியவர் கேட்டார்.

சங்கையா தன் கையில் இருந்த பழைய டிராஃப்டைப் பார்த்தார். நீல மையை அப்போதுதான் பார்க்கிறவர் போலப் பார்த்தார். “வீட்டுக்குப் படிக்கக் குடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது இருந்துச்சு,” என்றார் மெதுவாக.

“யண்ணே?” என்றாள் தங்கலட்சுமி.

“நிறுத்திப் படிக்க ஒரு அடையாளம் வச்சேன்,” என்றான் மருதுபாண்டி. “இதுக்கு இம்புட்டுப் பஞ்சாயத்தா? பத்திரம் எழுதுறவரே ஒண்ணுமில்லங்கிறாருல்ல.”

“ஒண்ணுமில்லன்னா எடுத்துருவோம்,” என்றார் இருளப்பசாமி. “எடுத்தா ஒனக்கு என்ன?”

பெரியவர் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சங்கையா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். தங்கலட்சுமி அண்ணன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் மருதுபாண்டிதான் முகத்தைத் திருப்பினான்.

“ஏத்தா, நீ கொண்டாந்ததப் படி,” என்றார் பெரியவர்.

“கிழக்குப் பாதி நிலமும் பம்பு அறையும் மருதுபாண்டிக்கு. கிணறு இருவருக்கும் பொது. வண்டிப்பாதையும் இருவருக்கும் பொது.”

“இதுல அந்தக் குத்து இல்லயா?” என்றாள் தங்கலட்சுமி.

“இல்லக்கா.”

பெரியவர் முதலில் கையெழுத்துப் போட்டார். மகள் போட்டாள். மகன் பேனாவை வாங்கவில்லை.

“போடு,” என்றார் பெரியவர். குரலை உயர்த்தவில்லை. “இல்லாட்டி எல்லாம் என் பேருலயே கெடக்கட்டும். நான் போன பெறகு நீயும் அவளும் கோர்ட்டுக்கு நடங்க.”

பேனா காகிதத்தைக் கிழித்துவிடுகிற மாதிரி அவன் கையெழுத்துப் போட்டான். மதியம் ஒன்றரைக்குப் பத்திரம் பதிவானது.

அந்த வாரமே ராஜபாண்டியை ட்ராக்டரிலிருந்து இறக்கிவிட்டார்கள். மூன்று மாதம் அக்கா வீட்டுப் பக்கம் அவன் வரவில்லை. அம்மாவிடம், “அவளுக்கு எவன் வீட்டுக் கெணறோ பெருசாப் போச்சு” என்றானாம். அந்தச் சொல் மாரிக்கனியை அறுத்தது. வேலையை இழந்தது அவன்தானே. பிறகு அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சு மில்லுக்கு லோடு அடிக்கும் வண்டி கிடைத்தது. இப்போது பேசுகிறான், ஆனால் பழைய மாதிரி இல்லை.

சங்கையா அவளை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று அக்கம்பக்கத்துக் கடைகளில் எதிர்பார்த்தார்கள். பத்து நாள் அவர் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோராவது நாள் ஒரு டிராஃப்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பாத்தியா? நான் பன்னண்டு வருஷமாச் சொன்னது என்ன? அந்தக் குத்து ஆகாதுன்னேன். ஒரு குடும்பத்தையே ரெண்டாக்கப் பாத்துச்சு.”

“ஒண்ணுமில்லாத குத்துன்னுல்ல சார் சொன்னீங்க. ஒண்ணுமில்லாதது எப்படி ரெண்டாக்கும்?”

அருப்புக்கோட்டை வக்கீல் கஸ்தூரி அப்போது ஏதோ நகல் வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருவரும் அவளைப் பார்த்தார்கள். “வழக்கு வந்திருந்தா குறிய மட்டும் வச்சு ஜட்ஜ் முடிவு பண்ண மாட்டாரு,” என்றாள் அவள். “பெரியவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு விசாரிப்பாரு. அதுல சங்கையா அண்ணன் சொல்றது சரி. ஆனா விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்தக்கா மல்லிச்செடி அம்புட்டும் காஞ்சுருக்கும். அதுல மாரிக்கனி சொல்றது சரி.”

இருவருக்குமே அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை.

இப்போது கடையில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. பத்திரத்தில் மாரிக்கனி அரைப்புள்ளி வைப்பதில்லை. சங்கையாவும் ஒரே வரியில் நான்கு சொத்தைக் கோக்க விடுவதில்லை. வீட்டுக்குப் போய்த் திரும்பும் டிராஃப்டை இருவரும் ஆளுக்கொரு முறை விரல் வைத்துப் படிக்கிறார்கள். அந்த வழக்கத்தை முதலில் கொண்டுவந்தவர் சங்கையாதான். மனுக்களில் அவள் இன்னும் வைக்கிறாள். அவர் பார்த்தும் பாராமல் விடுகிறார். சில நாள் பார்த்துவிட்டுச் சண்டைக்கும் வருகிறார்.

ஐப்பசியில் ஒரு நாள் மருதுபாண்டி கடைக்கு வந்தான். பயிர்க் காப்பீட்டுக்கு ஒரு மனு வேண்டுமாம். வேறு கடைக்குப் போயிருக்கலாம். அன்றைக்கு அங்கே இருந்த மற்ற இரண்டு எழுத்தர் கடைகளும் பூட்டியிருந்தன. அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மழை தப்பியதையும் மக்காச்சோளம் கருகியதையும் தரையைப் பார்த்தபடியே சொன்னான். அவள் அடித்துக் கொடுத்தாள். அவன் ஒவ்வொரு வரியாகப் படித்தான். நடுவில் ஓர் அரைப்புள்ளியில் நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“இது என்னத்துக்கு இங்க?”

“மழை பெய்யாததும் பயிர் கருகுனதும் ஒண்ணோட ஒண்ணு சேந்ததுன்னு தெரிய, சார். வேணாம்னா எடுத்துர்றேன்.”

அவன் அந்த வரியை விரல் வைத்து மறுபடி படித்தான்.

“இருக்கட்டும்,” என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்ததைப் போலவே முகம் கொடுக்காமல் எழுந்து போனான்.